பகிர்ந்துவிட்டால் அது சங்கத்தின் கோப்பு ஆகிவிடாது

ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் நெருங்கும் மாதங்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, வரவு செலவுக் கோப்பைத் திறந்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வருகிறது. போன மாதம்கூடப் பார்த்தோமே." யார் உருவாக்கியது என்று கேட்டால் முன்னாள் செயலாளர் என்பார்கள். அவர் எங்கே என்றால் வெளிநாட்டுக்கு வேலை மாறிப் போய்விட்டார் என்பார்கள். அதற்கு மேல் நான் கேட்க எதுவும் இருப்பதில்லை.

சிறிய அமைப்புகளுக்குக் கணினி வசதிகளை அமைத்துக் கொடுப்பது என் தொழில். சிங்கப்பூரில் நம் தமிழ் அமைப்புகளில் பல, தொண்டூழியர்களை மட்டுமே நம்பி நடப்பவை. சொந்த அலுவலகம் கிடையாது, சம்பளம் வாங்கும் ஊழியர் கிடையாது. செயலவை சமூக மன்ற அறையில் கூடும், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் வீட்டில் கூடும். கோப்புகளை இணையத்தில் சேமித்துப் பகிரும் கூகல் டிரைவும், வாட்ஸ்அப்பும் ஸூமும் இல்லாமல் அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி நடக்காது. ஆகவே இலவசக் கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பயன்படுத்தும் விதம்தான் என்னைப் பொறுமை இழக்க வைக்கிறது.

அண்மையில் வந்த அழைப்பு, வார இறுதியில் துணைப்பாட வகுப்பு நடத்தும் ஒரு குழுவிடமிருந்து. ஆர்வமுள்ள மாணவி ஒருவர் தம் பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கில் கோப்புறை ஒன்றைத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் எல்லாவற்றையும் அதில் அழகாக அடுக்கி வைத்திருந்தார். அவர் பட்டம் பெற்று வெளியேறினார். பல்கலைக்கழகம் தன் வழக்கப்படி அந்தக் கணக்கை மூடியது. ஒரு சனிக்கிழமைக் காலை ஆசிரியர் வகுப்பறையில் நின்றபடி வருகைப் பதிவைத் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. பாடத்தாள்கள், பெற்றோரின் தொலைபேசி எண்கள், எந்தப் பிள்ளைக்கு நிலக்கடலை ஒவ்வாது என்ற குறிப்பு எல்லாம் அதில்தான் இருந்தன. அன்று பலகாரம் கொடுக்க வேண்டாம் என்று அந்த ஆசிரியர் முடிவு செய்தாராம். அந்த நிதானத்துக்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

இதில் அந்த மாணவியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. குறை செயலவையின் மேல்தான். நான் எத்தனை முறை சொன்னாலும் மாறாத ஓர் எண்ணம் நம்மவர்களிடம் இருக்கிறது: "எல்லோருக்கும் பகிர்ந்திருக்கிறதே, அப்படியென்றால் அது சங்கத்தினுடையதுதானே?" இல்லை. தனிப்பட்ட கூகல் கணக்கில் ஒரு கோப்பை யார் உருவாக்கினாரோ அவரே அதன் உரிமையாளர். உங்களுக்குத் திருத்தும் அனுமதி இருக்கலாம், அதில் தினமும் நீங்களே எழுதலாம், மேலே சங்கத்தின் சின்னத்தைக்கூட ஒட்டலாம். அப்போதும் அது அவருடைய கோப்புதான். அவர் கணக்கை அழித்தால் கோப்பும் போகும். அவர் குப்பைத் தொட்டிக்கு அனுப்பினால் 30 நாளில் நிரந்தரமாக அழியும்.

"கோப்புறை தலைவரின் கணக்கில் இருக்கிறது, கவலை இல்லை" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இதுவும் தவறு. கோப்புறை தலைவருடையதாக இருந்தாலும், அதற்குள் பொருளாளர் தம் கணக்கிலிருந்து உருவாக்கிப் போட்ட ஷீட் (கூகலின் அட்டவணைக் கோப்பு) பொருளாளருடையது. செயலாளர் எழுதிய கூட்டக் குறிப்பு செயலாளருடையது. ஒரே கோப்புறைக்குள் ஐந்து உரிமையாளர்கள் இருக்கலாம். பதிவுப் படிவங்களும் அப்படியே: படிவத்தின் வழியாக மக்கள் பதிவேற்றும் சான்றிதழும் படமும் படிவத்தை உருவாக்கியவரின் டிரைவில் போய் உட்காரும்.

ஒருவர் விலகும்போது உரிமையை மாற்றிக் கொடுக்க வழி உண்டு. பழைய உரிமையாளர் கோரிக்கை அனுப்ப வேண்டும், புதியவர் அதை ஏற்க வேண்டும். பாதிப் பேர் முதல் படியைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக, அலுவலகக் கணக்குகளிலிருந்து வெளியே உள்ள கணக்குக்கு இப்படி மாற்றவே முடியாது. நகல் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றே வழி. எனவே சங்க வேலைக்கு அந்தக் கணக்குகளைத் தொடவே தொடாதீர்கள்.

காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தை மாற்றுவதற்கு நாம் எவ்வளவு பாடுபடுகிறோம்! தீர்மானம் போடுகிறோம், முன்மொழிகிறோம், வழிமொழிகிறோம், வங்கிக்குப் போய் வரிசையில் நிற்கிறோம். வங்கிக் கணக்கில் ஆயிரம் வெள்ளிகூட இருக்காது. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் விவரங்கள் கிடக்கும் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லோ, போகிற போக்கில் வாட்ஸ்அப்பில் கைமாறுகிறது.

அடுத்து என் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம், இணைப்பு உள்ள எவரும் திறக்கலாம் என்ற அந்த அனுமதி. மூத்தோரை மலாக்காவுக்கு ஒருநாள் சுற்றுலா அழைத்துச் சென்ற ஓர் அமைப்பு, ஒரு ஷீட்டைத் திறந்து குழுவில் போட்டு, "அவரவர் வரிசையில் நிரப்புங்கள்" என்று சொன்னது. பெயர், கடப்பிதழ் எண், பிறந்த தேதி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய மகன் மகளின் எண், சைவமா அசைவமா. கடைசிக் கட்டத்தில் நோய் விவரம்: "இன்சுலின் போடுகிறார்", "இதய அறுவை சிகிச்சை ஆனவர்". எழுபது வயதுக்காரர் ஒருவரின் நோயும் கடப்பிதழ் எண்ணும் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும், அவர்கள் அனுப்பி வைக்கும் அத்தனை பேருக்கும் தெரிய வேண்டுமா? மோசடிக்காரர்கள் முதியவர்களைத் தேடி அலையும் காலம் இது. பயணம் முடிந்து பல மாதங்கள் கழித்து நான் பார்த்தபோதும் அந்த இணைப்பு திறந்தே கிடந்தது. தயவுசெய்து படிவம் அனுப்புங்கள். ஒவ்வொருவரும் தம் பதிலை மட்டும் அனுப்பட்டும், தொகுப்பை இருவர் மட்டும் பார்க்கட்டும், பயணம் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

"நாங்கள் தொண்டூழியர்கள்தானே, சட்டமெல்லாம் கம்பெனிகளுக்கு" என்பவர்களுக்கு: 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சங்கங்களுக்கும் பொருந்தும். அந்தச் சட்டத்தின் பார்வையில் தொண்டூழியரும் ஊழியரே. அவர் செய்வதற்கு அமைப்புதான் பொறுப்பு. தரவுப் பாதுகாப்புக்கென ஒருவரையாவது நியமிப்பது கட்டாயம். 2021 பிப்ரவரி முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தரவு கசிந்தாலும், எண்ணிக்கை குறைவாக இருந்து கடுமையான தீங்கு நேரக்கூடும் என்றாலும், அது தெரிவிக்க வேண்டிய கசிவு என்று கணித்ததிலிருந்து மூன்று நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். பட்டியலில் நாற்பது பேர்தான் இருக்கிறார்கள் என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

அடையாள அட்டை எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சட்டம் கேட்டாலோ, ஒருவரை மிக உறுதியாக அடையாளம் காண வேண்டியிருந்தாலோ தவிர, முழு எண்ணை வாங்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் தகுதி பெற்ற அமைப்புகள், உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்புவதற்காக அந்த எண்ணை வாங்கத்தான் வேண்டும். பொங்கல் விழாவுக்குப் பெயர் கொடுப்பவரிடம் அது எதற்கு?

இலவசத்தின் விதிகள் நம்மைக் கேட்டு மாறுவதில்லை. குழு உரையாடல் செயலியான ஸ்லாக் 2022இல் இலவசக் கணக்குகளுக்கு 90 நாள் உரையாடலை மட்டுமே காட்டத் தொடங்கியது, 2024 முதல் ஓராண்டு தாண்டியதை அழிக்கிறது. ஈராண்டு பயன்படுத்தாத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கலாம் என்று கூகல் 2023இல் அறிவித்தது. கூகலின் 15 ஜிபி இடம் மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் எல்லாவற்றுக்கும் பொது. தீபாவளி நிகழ்ச்சிக் காணொளிகளால் அது நிரம்பினால் மண்டப முன்பதிவு பற்றிய மின்னஞ்சல்கூட வந்து சேராது. அறநிறுவனம் தன் வரவு செலவுக் கணக்கு ஆவணங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆகவே மாதம் ஒருமுறை நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. தகுதியுள்ள இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு கூகல் வொர்க்ஸ்பேஸை (அமைப்பின் பெயரிலேயே மின்னஞ்சலும் டிரைவும் தரும் தொகுப்பு) இலவசமாகவே தருகிறார்கள். சொந்த இணைய முகவரி மட்டும் வேண்டும், அதற்கு ஆண்டுக்குச் சில பத்து வெள்ளி ஆகும். அதில் உறுப்பினர்களுக்கு மட்டும் பொதுவான ‘ஷேர்டு டிரைவில்’ வைக்கும் கோப்பு அமைப்புக்கே சொந்தம். யார் வந்தாலும் போனாலும் அது அங்கேயே இருக்கும். விண்ணப்பிக்கும் சிரமத்துக்கு அஞ்சி ஆண்டுகளைக் கடத்தாதீர்கள். அதுவரைக்கும் சங்கத்தின் பெயரிலேயே ஒரு கணக்கைத் தொடங்கி, எல்லாக் கோப்புகளையும் அதிலிருந்தே உருவாக்குங்கள். மீட்புக்கான தொலைபேசி எண் ஒருவருடையதாகவும் மீட்பு மின்னஞ்சல் இன்னொருவருடையதாகவும் இருக்கட்டும். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, தொலைபேசி கைவசம் இல்லாதபோது உள்ளே நுழைய கூகல் தரும் மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து உறையிலிட்டுப் பொருளாளரிடம் கொடுங்கள்.

மூத்த உறுப்பினர்களே, "அதெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒதுங்காதீர்கள். பிள்ளைகள் படிப்பை முடிப்பார்கள், தேசிய சேவைக்குப் போவார்கள், வேலைக்குப் போவார்கள். அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில், வங்கிக் கையெழுத்து மாற்றத்துக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: "சங்கத்தின் இணையக் கணக்குகள், கோப்புகள், படிவங்கள், வாட்ஸ்அப் குழு நிர்வாகம் ஆகியவற்றை ஒப்படைத்தல்." பழைய செயலாளரும் புதிய செயலாளரும் அந்தக் கூட்டத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து, கோப்புறையைத் திறந்து, ஒவ்வொரு கோப்பின் உரிமையாளர் பெயரையும் பார்த்து மாற்றட்டும். முடிந்தபின் இருவரும் கூட்டக் குறிப்பில் கையெழுத்திடட்டும்.