இழுக்க வராத சுருட்டு

சுருட்டைப் பற்ற வைத்து இழுக்கிறோம். கன்னம் குழிவிழுகிறதே தவிர, புகை வரவில்லை. இன்னும் பலமாக இழுத்துப் பார்த்துவிட்டு, பலர் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அது வீண். அடைப்பு எதனால் என்று தெரிந்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

கையால் சுற்றிய சுருட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. நடுவில் நீளவாக்கில் உள்ளிலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கட்டிலை, வெளியே வழவழப்பான மேலிலை. காற்று போக இதில் தனி வழி கிடையாது. உள்ளிலைகளின் மடிப்புகளுக்கு நடுவே விட்டுப்போன சந்துகள்தான் வழி. ஒவ்வோர் இலையையும் தனித்தனியே குழல் போல உருட்டி அடுக்கினால் சந்துகள் நேராக ஓடும். எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகம் போல மடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் ஒரு பக்கம் நெருங்கிவிடலாம். ஓர் இலை முறுக்கிக்கொண்டாலோ, தடித்த நரம்பு குறுக்கே விழுந்தாலோ அங்கே முடிச்சு விழுந்துவிடும்.

சின்ன முடிச்சு ஏன் இவ்வளவு படுத்துகிறது? 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் மெல்லிய குழாய்களில் நீர் ஓடுவதை அளந்து ஒரு விதியைச் சொன்னார்: ஓட்டம் குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கை (ஆரம் × ஆரம் × ஆரம் × ஆரம்) பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. ஆரம் 10 சதவீதம் குறைந்தாலே ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சுருட்டின் சந்துகள் உருண்டைக் குழாய்கள் இல்லைதான், ஆனாலும் கதை இதேதான்.

அதனால்தான் நான் முதலில் சந்தேகப்படுவது ஈரத்தை. புகையிலை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும். வெளியே கட்டிலை இறுக்கிப் பிடித்திருப்பதால் உப்பிய இலை சந்துகளுக்குள்தான் புடைக்கும். நமுத்த சுருட்டைக் குத்திக் கிளறுவதில் பயனில்லை. பெட்டியிலிருந்து எடுத்து, ஈரப்பதம் 65 சதவீதத்தை ஒட்டிய இடத்தில் ஓரிரு நாள் வைத்தால் பல சுருட்டுகள் தாமாகவே திறந்துகொள்ளும். அவசரப்பட்டு வெயிலில் வைக்கக் கூடாது. மேலிலை முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே இன்னும் உப்பியிருக்கும், அப்புறம் வெடிப்புதான்.

காய்ந்தும் வரவில்லையா? பற்ற வைக்காமலே இழுத்துப் பாருங்கள். வாயில் வைக்கும் தலைப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் நறுக்கினால் சில நேரம் அதுவே போதும். இல்லையென்றால் இரண்டு விரல்களுக்கு நடுவே மெதுவாக உருட்டிக்கொண்டே வாருங்கள். மிருதுவாகப் போய்க்கொண்டிருந்த விரல், ஓரிடத்தில் சுள்ளி போலக் கட்டியாக ஒன்றை உணரும். முடிச்சு அங்கேதான். அந்த இடத்தை அமுக்கி அமுக்கி உருட்டினால் பாதி இளகிவிடும்.

கடைசி வழி ஊசி. நீளமான மெல்லிய கம்பியைத் தலைப்பக்கத்திலிருந்து நட்டநடுவாக, திருகித் திருகிச் செலுத்த வேண்டும். சாய்ந்தால் மேலிலை கிழியும். முடிச்சைத் தொட்டதும் கம்பி தயங்கும். அங்கே இரண்டு திருகு திருகி வெளியே இழுத்தால் கொஞ்சம் தூள் ஒட்டிக்கொண்டு வரும். அதோடு நிறுத்திவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஓட்டையைப் பெரிதாக்கினால் புவாசெய் விதி இப்போது எதிராகத் திரும்பும்: காற்று முழுக்க அந்த ஒரு வழியிலேயே பாயும், சுற்றியுள்ள இலைகளுக்குக் காற்றே கிடைக்காது, சுருட்டு நடுவில் மட்டும் குடைந்துகொண்டு எரியும்.