நடைபாதைப் புல்லுக்கு மேரி ஏன் மருந்தடிப்பதில்லை?

சென்ற வசந்தகாலத்தில் எங்கள் குடியிருப்பு வாசலில் ஒரு அக்கா என்னை மறித்துக் கேட்டார். "தம்பி, இவ்வளவு வரி கட்டுறம். ரோட்டோரப் புல்லுக்கு ஒருக்கா மருந்தடிக்க இந்த மேரிக்கு நேரமில்லையோ?" மேரி என்றால் இங்கே பிரான்சில் நகரசபை.

பாரிஸ் புறநகரில் இருபது வருடத்துக்கு மேல் இருப்பவர் அவர். முன்பு முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு நகரசபை ஆட்கள் வருவதும், அவர்கள் போன சில நாட்களில் நடைபாதை ஓரமெல்லாம் மஞ்சளாகிக் கருகிக் கிடப்பதும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது அதே இடத்தில் புல் முளைக்கிறது, சிறு மஞ்சள் பூ பூக்கிறது. மேரி கவனிக்காமல் விட்டுவிட்டது என்று நினைக்கத்தான் தோன்றும். உண்மை என்னவென்றால், மேரி நினைத்தாலும் அடிக்க முடியாது. சட்டம் விடாது.

அந்தச் சட்டத்தை இங்கே எல்லாரும் லபே சட்டம் என்கிறார்கள். பிரெத்தாஞ் பகுதியின் மொர்பியான் மாவட்டத்தைச் சேர்ந்த செனட்டர் ஜொயெல் லபே கொண்டுவந்தது. செனட்டுக்குப் போகும் முன்பே அவர் சான்-நோல்ஃப் என்ற சிற்றூரின் மேயர். சொந்த ஊரில் மருந்தை நிறுத்திப் பார்த்த அனுபவத்தோடுதான் பாரிசுக்கு வந்தார். 2014 பிப்ரவரி 6ஆம் திகதி சட்டம் கையெழுத்தானது. முதலில் குறித்த கெடு, பொது இடங்களுக்கு 2020, வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு 2022. அடுத்த ஆண்டே, 2015 ஆகஸ்டில் வந்த ஆற்றல் மாற்றச் சட்டம் இரண்டு கெடுவையும் மூன்று ஆண்டுகள் முன்னுக்கு இழுத்தது. தெருக்களையும் நடைபாதைகளையும் பட்டியலில் சேர்த்ததும் அப்போதுதான்.

ஆக, 2017 ஜனவரி 1 முதல் அரசோ நகரசபையோ பொது நிறுவனமோ, மக்கள் போய்வரும் பூங்கா, காடு, நடைபாதை, தெரு எதிலும் இரசாயனப் பூச்சிகொல்லி, களைகொல்லி, பூஞ்சணக்கொல்லி அடிக்கக் கூடாது. அடிப்பிக்கவும் கூடாது. சட்டத்தில் இந்த 'அடிப்பிக்க' என்ற சொல் முக்கியமானது. நாங்கள் அடிக்கவில்லை, ஒப்பந்தக்காரர்தான் அடித்தார் என்று எந்த மேரியும் தப்ப முடியாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வயலில் அடிக்கும் அளவோடு பார்த்தால் நகரசபைகள் அடித்தது கொஞ்சம்தானே என்று கேட்கலாம். கொஞ்சம்தான். ஆனால் அது விழும் இடத்தைப் பாருங்கள். வயலில் விழும் மருந்தில் ஒரு பங்கை மண் பிடித்துவைத்துக்கொள்ளும், மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் சிதைக்கும். தார் ரோட்டிலும் சிமெந்து நடைபாதையிலும் பிடித்துவைக்க எதுவும் இல்லை. அடித்த மறுநாள் ஒரு மழை பெய்தால் போதும், ஓரக் கால்வாய்க்குள் இறங்கி, மழைநீர்க் குழாய் வழியாக ஆற்றுக்குப் போய்விடும். நாம் குடிக்கும் தண்ணீரும் அந்த ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும்தான் வருகிறது.

இதை ஒரு சின்னக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். ஐரோப்பிய விதிப்படி ஒரு லீற்றர் குடிநீரில் எந்த ஒரு பூச்சிகொல்லியும் 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. எல்லாம் சேர்ந்து 0.5ஐத் தாண்டக் கூடாது. ஒரு கிராம் என்பது 10 இலட்சம் மைக்ரோகிராம். அப்படியானால் ஒரே ஒரு கிராம் நச்சு, ஒரு கோடி லீற்றர் தண்ணீரை அந்த எல்லை வரை கொண்டுபோகப் போதும். ஒரு சிட்டிகை உப்பின் எடை! இந்தக் கணக்கை நானே ஒரு முறை தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் நடைபாதைப் புல்லை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

அப்புறம், அந்த டாங்கியைச் சுமந்தவர்களின் உடல். பிரான்சின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான இன்செர்ம் 2013இலும் 2021இலும் இருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து அறிக்கை வெளியிட்டது. தொழிலில் பூச்சிகொல்லியோடு புழங்குகிறவர்களுக்கும் பார்க்கின்சன் நோய், சில வகை இரத்தப் புற்றுநோய், ஆண்களின் புரொஸ்டேட் புற்றுநோய் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதாக வலுவான சந்தேகம் உண்டு என்றது அது. பார்க்கின்சன், விவசாயத் தொழிலாளருக்கான தொழில்நோயாக 2012இலேயே ஏற்கப்பட்டுவிட்டது. பூங்காவில் தவழும் குழந்தையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அதே பூங்காவில் முப்பது வருடம் மருந்தடித்த தொழிலாளியை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை.

சரி, மருந்து இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள்? பெரும்பாலும் பழைய முறைதான். களைக்கொத்து, நடைபாதை வெடிப்பைச் சுரண்டும் இரும்புத் தூரிகை பூட்டிய வண்டி, கொதிநீர், நீராவி. மரத்தடியில் மரச்சீவலைக் கனமாகப் பரப்பினால் களைக்கு வெளிச்சம் கிடைக்காது. பைன் மரத்தில் வரும் கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டால் தோல் தடித்து அரிக்கும், நாய்க்கு உயிராபத்துகூட வரும். அதற்குக் கூடுகளை வெட்டி எடுக்கிறார்கள், ஆண் அந்துப்பூச்சிகளைப் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள், புழு தின்னும் சிட்டுகள் தங்கப் பெட்டி கட்டிவிடுகிறார்கள். ரென் நகரம் 1980களிலேயே எல்லாப் பூங்காவையும் ஒரே மாதிரிப் பராமரிக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தது. மாநகர மண்டபத்தின் முன்னால் ஒட்ட வெட்டிய புல், ஊரோரத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் வெட்டும் புல்வெளி. இன்று பல ஊர்கள் அந்த வழியில்தான் போகின்றன. ஆகவே உயரமாக நிற்கும் புல்லெல்லாம் மறந்துபோய் விட்டது இல்லை. சில இடத்தில் வேண்டுமென்றே விட்டது.

மிகவும் கஷ்டப்பட்ட இடம் கல்லறைத் தோட்டம். பிரான்சில் கல்லறைப் பாதைகள் பரம்பரையாகச் சரளைக்கல் போட்டவை, ஒரு புல்கூட இல்லாமல் வைத்திருந்தால்தான் இறந்தவருக்கு மரியாதை என்ற எண்ணம் ஆழமானது. சரளைக்குள் முளைக்கும் களையைக் கையால் பிடுங்கி முடியாது. அதனால் முதலில் பெரும்பாலான கல்லறைகளைச் சட்டம் விட்டுவைத்தது. 2021 ஜனவரி 15ஆம் திகதி ஆணைதான் 2022 ஜூலை 1 முதல் அவற்றையும் உள்ளே கொண்டுவந்தது. இப்போது பல ஊர்களில் சரளைப் பாதைக்குப் புல் விதைத்து, இயந்திரத்தால் வெட்டுகிறார்கள். கல்லறைகளுக்கு இடையில் தடித்த இலையுள்ள சேடம் செடியைப் படரவிடுகிறார்கள். நம்மவர்களில் இங்கே உறவினரை அடக்கம் செய்த கத்தோலிக்கக் குடும்பங்கள் முதலில் மனம் நொந்தது எனக்குத் தெரியும். அது புறக்கணிப்பால் வந்ததில்லை என்று விளக்கி வாசலில் ஒரு பலகை வைத்த ஊர்களில் அந்த நோவு சீக்கிரம் ஆறியது.

அதே ஆணை இன்னொரு காரியமும் செய்தது. இதைத்தான் நம்மில் பலர் கவனிக்கவில்லை. 2022 ஜூலை முதல் அடுக்குமாடிக் குடியிருப்பின் வளவு, ஹோட்டல், முகாம் தளம், கடைத்தொகுதி, வேலைத்தளத்துப் புல்வெளி, பாடசாலை, மருத்துவமனை என்று தனியார் இடங்களுக்கும் தடை வந்துவிட்டது. குடியிருப்புக் கூட்டத்தில் 'ஒரு கம்பனியைக் கூப்பிட்டு அடிப்பிப்போம்' என்று யாராவது சொன்னால், முடியாது என்று தைரியமாகச் சொல்லலாம். உயர்நிலைப் போட்டி நடக்கும் மைதானங்களுக்கு 2025 ஜனவரி வரை அவகாசம் தரப்பட்டது.

சொந்த வீட்டுத் தோட்டத்துக்கு அதற்கும் முன்பே, 2019 ஜனவரி 1 முதல் தடை. வாங்கவும் விற்கவும் மட்டுமில்லை, வைத்திருக்கவும் கூடாது. பால்கனித் தொட்டியும் வீட்டுக்குள் வளர்க்கும் செடியும் இதில் அடக்கம். வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த போத்தலும் அப்படித்தான். கறிவேப்பிலைக்கு அடிக்க என்று கொண்டுவருகிறவர்களை எனக்குத் தெரியும், தயவுசெய்து வேண்டாம். கடையில் இன்னும் கிடைப்பவை உயிரியல் முறைப் பொருட்கள், ஆபத்துக் குறைந்தவை என்று வகைப்படுத்தியவை, இயற்கை விவசாயத்தில் அனுமதித்தவை. பொதியில் 'தோட்டங்களில் பயன்படுத்த அனுமதி உண்டு' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். புல் சாக உப்புப் போடுவதும் பிளீச் ஊற்றுவதும் அனுமதிக்கப்பட்ட முறை இல்லை. உப்பு ஒரு முறை இறங்கினால் அந்த மண்ணில் பிறகு நீங்கள் நட விரும்புவதும் முளைக்காது.

விதிவிலக்குகளும் உண்டு. நெடுஞ்சாலை நடுத்திட்டு, இணைப்புச் சாலை போன்ற ஒடுங்கிய இடங்களில் ஆளை இறக்கிப் புல் வெட்டுவது உயிராபத்து என்றால் அடிக்கலாம். ரயில் தண்டவாளமும் விமான ஓடுபாதையும் பாதுகாப்புக் காரணத்தால் வெளியே. பரவினால் பேரழிவு தரும் கொடிய தாவர நோய்க்கு அரசு ஆணையிட்டால் அதுவும். நுளம்புக்கும் எலிக்கும் அடிப்பது வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. சிக்குன்குன்யா நோயாளி ஒருவர் இருக்கும் தெருவில் இரவில் வந்து நுளம்பு மருந்து அடித்தால், லபே சட்டத்தை மீறிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

இதையெல்லாம் சொன்னபோது அந்த அக்கா, "ஊரில 2021இல கோத்தாபய செய்த மாதிரியோ?" என்று கேட்டார். நியாயமான பயம். இலங்கையில் அந்த ஆண்டு இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் ஒரேயடியாகத் தடை போட்டு, நெல்லும் தேயிலையும் விழுந்து, நவம்பரில் பின்வாங்கினார்கள். இங்கே விவசாயியின் வயலை லபே சட்டம் தொடவே இல்லை. புல் முளைத்தால் யாருடைய சோறும் குறையாத இடங்களை மட்டும் எடுத்து, ஆண்டு சொல்லி, படி படியாக நிறுத்தினார்கள். இதுதான் சரியான வழி என்பது என் எண்ணம்.

ஆனால் அதுவே இதன் எல்லையும். லாங்குவே என்ற சிற்றூரின் மேயர் தனியேல் க்யூஃப் 2019இல், வீடுகளிலிருந்து 150 மீற்றருக்குள் வயலிலும் மருந்தடிக்கக் கூடாது என்று ஆணை போட்டார். நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. அந்த அதிகாரம் மேயருக்கு இல்லை, அரசுக்கு மட்டுமே என்று உயர் நிர்வாக நீதிமன்றம் 2020 டிசம்பரில் முடிவாகச் சொன்னது. 2020 முதல் நாடு முழுவதற்கும் வந்த தூர விதி, மருந்தையும் பயிரையும் பொறுத்து 5, 10, 20 மீற்றர். மேயர் கேட்ட 150 எங்கே, கிடைத்தது எங்கே! வயலோரம் வீடு வாங்க நினைப்பவர்கள் இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழைய மருந்துப் போத்தல் இருந்தால் குப்பைத் தொட்டியில் போடவோ வடிகாலில் ஊற்றவோ வேண்டாம். மூடியை இறுக்கி, பெயர்த்தாளைக் கிழிக்காமல், அப்படியே ஊர்த் தெஷெத்ரிக்கு, அதாவது கழிவு சேகரிக்கும் நிலையத்துக்கு, கொண்டுபோய் ஆபத்தான கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். வாசல் நடைபாதையைச் சுத்தமாக வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று பல ஊர்களில் மேரி ஆணை உண்டு, உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். பாரிசுக்குள் இருப்பவர்கள் 2015 முதல் தெருவோரத்தில் தாங்களே செடி நட மாநகரசபையிடம் அனுமதி கேட்கலாம். மருந்து பாவிக்க மாட்டேன் என்பது அந்த அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்று. எங்கள் அக்கா இருப்பது பாரிசுக்கு வெளியே. தன் ஊரிலும் அப்படி ஒரு அனுமதி உண்டோ என்று கேட்கப் போன வெள்ளிக்கிழமை மேரிக்குப் போயிருக்கிறார்.