குவாரித் தூசு: ஊர்க்காரர் கேட்டு வாங்கக்கூடிய அறிக்கை

"பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டமே இருக்கே, அப்புறம் எப்படிக் குவாரி நடக்குது?" டெல்டாவில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. 2020-ல் வந்த அந்தச் சட்டம் தடுப்பது புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றைத்தான். கல் குவாரி அந்தப் பட்டியலில் இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் நிறைந்த அரியலூர் மாவட்டமோ மண்டலத்துக்குள்ளேயே வரவில்லை. ஆக, தூசுக்கு வேறு சட்டங்களைத்தான் பிடிக்க வேண்டும்.

கல் உடைக்கும் ஆலையான கிரஷரை ஓட்ட, 1981-ம் ஆண்டு காற்றுச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். குவாரிக்குத் தனியாகச் சுற்றுச்சூழல் அனுமதி. 5 ஹெக்டேருக்குக் குறைவான சின்னக் குவாரிக்கும் இது கட்டாயம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. துளை போடும்போது தண்ணீர் பாய்ச்சுவது, லாரிப் பாதையை நனைப்பது, டிப்பருக்குத் தார்ப்பாய், சுற்றிலும் மரம் என்று நிபந்தனைகள் அந்த அனுமதியிலேயே இருக்கும். பாதை நனைப்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தூசில் பெரும்பங்கு கிளம்புவது அங்கேதான், ஏமாற்றுவதும் அங்கேதான் சுலபம்.

நிபந்தனைகளை நிறைவேற்றியதாகக் குவாரி நிர்வாகம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 என இருமுறை அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். யார் விண்ணப்பித்தாலும் நகல் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே சொல்கிறது. இழுத்தடித்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம்; பதிலுக்கு 30 நாள் கெடு. அனுமதியின் நகல் ஊராட்சிக்கும் வந்திருக்க வேண்டும். அதை 30 நாள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதும் விதி. எத்தனை ஊராட்சிப் பலகையில் ஒட்டினார்களோ!

அறிக்கை கைக்கு வந்ததும் எண்களில் ஏமாந்துவிடாதீர்கள். கிரஷர் தூசுக்கு உச்சவரம்பு கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராம். இது இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் அளப்பது. நாம் மூச்சுவிடும் ஊர்க் காற்றுக்கு அளவே வேறு: நுண்தூசு பிஎம் 10, 24 மணி நேரச் சராசரியில் 100-ஐத் தாண்டக் கூடாது. "600-க்குள்ளதான் இருக்கு" என்று யாராவது சொன்னால், எங்கே அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

புகாரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம். பயிரில் தூசு படிந்திருந்தால் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுத்து வையுங்கள். கலெக்டர் முன்னிலையில் பதிவாகும். வெறுமனே 'தூசு அதிகம்' என்று எழுதினால் ஆய்வு நாளன்று மட்டும் தண்ணீர் லாரி ஓடும். அதனால் தேதி, நேரத்தோடு பாதையைப் படமெடுத்து, 'தினமும் தண்ணீர் தெளிக்கிறோம்' என்று அறிக்கையில் உள்ள வரியையும் நகலெடுத்துச் சேர்த்து மனுவோடு கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.