கல்குவாரிச் சுவர் நிற்குமா? பெஞ்ச் விதியும் பாறைச் சரிவு ஆய்வும்

பர்கூர், சூளகிரி, பென்னாகரம் பக்கம் பட்டா நிலத்தில் கல்குவாரி நடத்துகிறவர்களும், அதை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் 6. குழியின் மிக உயர்ந்த இடத்திலிருந்து மிகத் தாழ்ந்த இடம்வரை அளந்தால் 6 மீட்டரைத் தாண்டுகிறதா? ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்கிறார்களா? வெடி வைக்கிறார்களா? மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் சுரங்கப் பாதுகாப்பு விதிகள் முழுதாகப் பொருந்தும். 1952 சுரங்கச் சட்டம் போட்ட இந்தக் கோடு, 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. 'எங்களுடையது சின்னக் குவாரி' என்ற பேச்சு, முதல் வெடியோடு செல்லாமல் போகிறது.

பெஞ்ச், அதாவது குழிச்சுவரில் விடும் படி, எப்படி வெட்டுவது என்பதைச் சொல்வது 1961 உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளின் 106ஆம் பிரிவு. மேல்மண், கிராவல் போன்ற இளகிய தரையில் பக்கச்சாய்வு 45 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது, இல்லையென்றால் 1.5 மீட்டருக்கு மிகாத படிகளாக வெட்ட வேண்டும். கடினப் பாறையில் பெஞ்சின் உயரம் 6 மீட்டருக்குள். அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் மரம், தளர்ந்த கல், குப்பைமேடு எதுவும் கூடாது. அடியைக் குடைந்து மேலே தொங்கவிடவும் கூடாது. இந்த அளவுகளிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்திடம் எழுத்தில் வாங்க வேண்டும். மேஸ்திரி சொல்வது அனுமதி ஆகாது.

விதி எங்கே மீறப்படுகிறது என்பதைக் கணக்கே காட்டிவிடும். 60 மீட்டர் அகலப் பட்டா. இரு பக்கமும் 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட்டால் மிச்சம் 45. ஐந்துக்கு ஐந்து பெஞ்ச் என்றால், முதல் பெஞ்சுக்குப் பிறகு ஒவ்வொரு 5 மீட்டர் ஆழத்துக்கும் 10 மீட்டர் அகலம் போய்விடும். 25 மீட்டர் ஆழத்தில் அடித்தளம் வெறும் 5 மீட்டர்தான். அதற்கும் கீழே கல் வேண்டும் என்பவர் மேலே உள்ள பெஞ்சுகளைச் சீவுகிறார். அங்கங்கே ஒரே சுவராக 20, 30 மீட்டர் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பெஞ்ச் அளவு சரியாக இருந்தாலும் பாறை சரியலாம். காரணம், அதில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்கள். விரிசலின் போக்கு (அது கிடையாக ஓடும் திசை) சுவரின் போக்கோடு சுமார் 20 டிகிரிக்குள் ஒத்து, அது குழியை நோக்கிச் சாய்ந்து, சாய்வு சுவரைவிடக் குறைவாகவும் உராய்வுக் கோணத்தைவிட (கல்மேல் கல் வழுக்கத் தொடங்கும் சாய்வு) அதிகமாகவும் இருந்தால், மேலே உள்ள பாளம் வழுக்கி வரும். சுத்தமான விரிசலில் உராய்வுக் கோணம் ஏறத்தாழ 30 டிகிரி. களிமண் புகுந்திருந்தால் அதில் பாதிக்கே இறங்கிவிடலாம். இரண்டு விரிசல்கள் வெட்டிக்கொள்ளும் கோடு குழியை நோக்கினால் ஆப்பு வடிவத் துண்டு கழன்று வரும். செங்குத்தான விரிசல்கள் மலைப்பக்கம் சாய்ந்திருந்தால் பாளங்கள் தலைகுப்புறக் கவிழும். நம் பகுதி நைஸ் (பட்டை பட்டையான கடின உருமாற்றப் பாறை) குன்றுகளில் குன்றின் சரிவுக்கு இணையாக ஓடும் தகட்டு விரிசல்கள் அதிகம். சரிவின் அடியில் வெட்டும்போது அவற்றின் கால் அறுந்துவிடுகிறது. கருப்பு கிரானைட் குழிகளில் கவனிக்க வேண்டியது டோலரைட் (கருப்பு கிரானைட்டாக விற்கப்படும் கல்) பட்டையும் நைஸும் சேரும் சிதைந்த விளிம்பு.

சுவரின் குறுக்கே டேப் கட்டி, அதைத் தொடும் ஒவ்வொரு விரிசலின் சாய்வு, திசை, இடைவெளி, நிரப்பு, நீர்க்கசிவு ஆகியவற்றைக் குறிப்பதுதான் ஆய்வின் அடிப்படை. இதிலிருந்து சரிவு மதிப்பெண் போடுகிறார்கள். 40க்குக் கீழே வந்தால் சுவர் நிலையற்றது. வெடித்த விதத்துக்கும் இதில் எண் உண்டு: முன்பிளவு முறைக்கு (முக்கிய வெடிக்கு முன்பே சுவர்க் கோட்டில் நெருக்கமான துளைகளை வெடித்துப் பிளவு உண்டாக்குவது) 10 கூடும், மோசமான வெடிக்கு 8 குறையும். ஒரே பாறையில் 18 மதிப்பெண் வித்தியாசம், வெடிகாரர் கையில்.

குழி 30 மீட்டரைத் தாண்டும்போது அறிவியல் ஆய்வு வேண்டும் என்ற நிபந்தனையை மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் பல அனுமதிகளில் பார்க்கலாம். தன்பாத் சிம்ஃபர், பெங்களூரு என்.ஐ.ஆர்.எம். ஆகிய சுரங்க, பாறை ஆய்வு நிறுவனங்கள், சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் போன்றவற்றின் பெயர்கள் அதில் இருக்கும். அனுமதிக் கடிதத்தைச் சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் எவரும் தேடி எடுக்கலாம். ஆய்வறிக்கை இருந்தால் ஒன்றைப் பாருங்கள்: நீர் நிறைந்த நிலைக்குத் தனியே பாதுகாப்புக் காரணி (பாறையைப் பிடித்து நிறுத்தும் விசைக்கும் சரியவைக்கும் விசைக்கும் உள்ள விகிதம்) கணக்கிட்டிருக்கிறார்களா? கோடையில் அளந்த சுவர் ஐப்பசி மழையில் அதே சுவர் அல்ல. விரிசலுக்குள் தேங்கும் நீர் பாளத்தை வெளியே தள்ளும்.

விளிம்புக்குப் பின்னால் தரையில் வெடிப்பு தெரிந்தால் இரு பக்கமும் முளை அடித்து, இடைவெளியைத் தினமும் அளந்து தேதியோடு எழுதுங்கள். நாளுக்கு நாள் வேகமாக விரிந்தால் கீழே ஆளும் ஹிட்டாச்சியும் இருக்கக் கூடாது. மனுவை மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை உதவி இயக்குநரிடமோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளிலோ கொடுக்கலாம். சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். சர்வே எண், பெஞ்சின் உயரம், அகலம், எல்லையிலிருந்து உள்ள தூரம், அளவுகோல் தெரியும் படம் ஆகியவை அதில் இருக்கட்டும்.