கால் தள்ளாடவில்லை, நினைவு பதியவில்லை

"நேற்று ராத்திரி அரை மணி நேரம் எங்களோடு பேசிக்கொண்டே நடந்து வந்தாயே!" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். முந்தைய இரவு மது குடித்திருந்த பதினாறு வயதுப் பையன் திருதிருவென விழிக்கிறான். அவன் மறந்துவிட்டான் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. மறக்க வேண்டுமானால் முதலில் பதிந்திருக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் அவன் மூளையில் பதியவே இல்லை.

பதிவு வேலையின் மையம் ஹிப்போகாம்பஸ். காதுக்கு உள்பக்கமாக, கடற்குதிரை போல வளைந்த மூளைப் பகுதி. ஒரு நரம்பணு குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளியிட, அடுத்த நரம்பணுவின் என்எம்டிஏ ஏற்பிகள் என்ற வாயில்கள் திறந்து கால்சியத்தை உள்ளே விடும். அந்தக் கால்சியம்தான் இரண்டுக்கும் இடையிலான இணைப்பை வலுவாக்குகிறது. கற்றல் என்பது பெரும்பாலும் இதுதான். மது என்எம்டிஏ ஏற்பிகளை அடக்குகிறது. மூளையை மந்தப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளுக்கோ துணைபோகிறது.

இதில் வயதுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே அளவு மது கொடுத்தால், வளரிளம் எலிகள் முதிர்ந்த எலிகளைவிடக் குறைவாகத் தள்ளாடும், தாமதமாகவே தூங்கும். ஆனால் அவற்றின் ஹிப்போகாம்பஸ் கூடுதலாகப் பாதிக்கப்படும். 'போதும்' என்று நிறுத்த வேண்டிய உடல் வாய்மூடி இருக்க, நினைவு மட்டும் அடிவாங்குகிறது. பிள்ளைகள் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்குப் பதறுவது இதனால்தான்.

போதை தெளிந்த பிறகு? வட்டத் தொட்டியில் கலங்கிய நீர். நீந்தும் எலி ஏறி நிற்க, அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடை. இளம் வயதில் விட்டுவிட்டு மது கொடுக்கப்பட்டு, பிறகு பல வாரம் மதுவே தொடாமல் வளர்ந்த எலிகளை அதில் விடுகிறார்கள். மேடை இருக்கும் இடத்தை மற்ற எலிகளைப் போலவே கற்றுக்கொள்கின்றன. குறை எதுவும் தெரியாது. மேடையை எதிர்ப்பக்கம் மாற்றிப் பாருங்கள். மற்றவை புது இடத்தைப் பிடித்துக்கொள்ள, இவை பழைய இடத்தையே சுற்றிச் சுற்றி நீந்துகின்றன. கெட்டது கற்கும் திறன் அல்ல, கற்றதை மாற்றிக்கொள்ளும் திறன். சாதாரணத் தேர்வில் இது அகப்படாது.

மனிதர்களில் இதை அளப்பது கடினம். குடிக்கத் தொடங்கும் முன்பே சில பிள்ளைகளிடம் வேறுபாடு இருந்திருக்கலாம். ஆனாலும் 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மதுவுக்கு அடிமையாகியிருந்த 15, 16 வயதினர், குடியை நிறுத்திச் சில வாரங்கள் ஆன பிறகும், கற்றதைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர்வதில் மற்றவர்களைவிடச் சுமார் 10 சதவீதம் பின்தங்கினார்கள். மூளையின் முன்பகுதியில் இணைப்புகள் சீராகி முடிய இருபத்தைந்து வயதுவரைகூட ஆகும். வேலை பாதியில் இருக்கும்போது விழும் அடி இது.

ஒரு நல்ல செய்தி உண்டு. அதேபோல் இளம் வயதில் மது கொடுக்கப்பட்ட எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டபோது, நினைவுக்குத் துணைநிற்கும் நரம்பணுக்களில் செயலிழந்திருந்தவை மீண்டன. ஹிப்போகாம்பஸில் புது நரம்பணுக்கள் பிறப்பதும் மீண்டும் கூடியது.