விழும் பிஸ்டலைப் பிடிக்கப் பாயாதீர்கள்

போன போட்டியில் நான் கையெழுத்துப் போட்டது, இந்த சீசனில் இதே காரணத்துக்கான மூன்றாவது டிஸ்குவாலிஃபிகேஷன். மூன்று பேரும் நல்ல பிள்ளைகள். விரலை ட்ரிகருக்கு வெளியே வைக்கத் தெரிந்தவர்கள், ஒருவர்கூடத் தவறாகச் சுடவில்லை. இடுப்பில் மாட்டுகிற உறையான ஹோல்ஸ்டரிலிருந்து பிஸ்டல் கழன்று தரையில் விழுந்தது, அவ்வளவுதான். ஓடி நகர்ந்து இலக்குகளைச் சுடுகிற பிராக்டிகல் ஷூட்டிங் விளையாட்டில் அது போதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

டைமரைக் கையில் வைத்துக்கொண்டு ஷூட்டருக்குப் பின்னால் நிற்கிற ரேஞ்ச் ஆபீசர் நான். போட்டிக்கு முன்னால் பெல்ட், ஹோல்ஸ்டர், மேகசின் (குண்டு அடுக்கிய பெட்டி) வைக்கிற பௌச் எல்லாம் சரிபார்க்கிற மேசையிலும் பெரும்பாலும் நான்தான் உட்கார்ந்திருப்பேன். அதனால் கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஸ்டேஜ், அதாவது போட்டியின் ஒரு சுற்று, நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பிக்கும், கைகள் முழங்கால் மேல். 'லோட் அண்ட் மேக் ரெடி' சொன்னேன், லோடு செய்தார், ஹோல்ஸ்டரில் வைத்தார், உட்கார்ந்தார். டைமர் ஒலித்ததும் எழுந்தார். நாற்காலியின் கைப்பிடி பிஸ்டலின் அடிப்பக்கத்தில் லேசாக இடித்தது. புத்தம் புதிய ரேஸ் ஹோல்ஸ்டர், பிஸ்டலை வேகமாக எடுப்பதற்கென்றே செய்த வகை, அதன் பூட்டு திறந்த நிலையில் இருந்தது. பிஸ்டல் மேலே துள்ளி வெளியே வந்துவிட்டது. அவர் அதைப் பிடிக்கப் பாய்ந்தார். விரல்கள் விரிந்தபடி, குழல் அவர் வயிற்றைப் பார்த்தபடி. பிடி கிடைக்கவில்லை. தொடையில் பட்டுத் தரையில் விழுந்தது. 'ஸ்டாப்' என்று கத்திய பிறகும் எனக்குக் கை நடுக்கம் நிற்கச் சில நிமிடங்கள் ஆயின.

தயவுசெய்து இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: விழுகிற பிஸ்டலை விட்டுவிடுங்கள். பிடிக்காதீர்கள். இன்றைய பெரும்பாலான பிஸ்டல்களில், விழுந்தால் வெடிக்காமலிருக்க உள்ளேயே தடுப்பு உண்டு. போட்டிக்காக ட்ரிகரை இளக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் மாற்றிய பிஸ்டல்களில் அந்த உத்தரவாதம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். அப்போதும், தரையில் விழுகிற பிஸ்டலைவிட அந்தரத்தில் துழாவுகிற விரல்தான் ஆபத்து, ஏனென்றால் அந்த விரல் போய் மாட்டுவதற்கு அங்கே இருக்கிற ஒரே ஓட்டை, ட்ரிகரைச் சுற்றியிருக்கிற வளையமான ட்ரிகர் கார்ட். விழுந்ததையும் நீங்கள் எடுக்காதீர்கள். இந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பான ஐபிஎஸ்சியின் விதிப்படி ரேஞ்ச் ஆபீசர்தான் எடுக்க வேண்டும். ஸ்டேஜுக்கு வெளியே, லோடு இல்லாத பிஸ்டல் கைதவறி விழுந்தால் அது குற்றமே இல்லை. ஆனால் பதறிப்போய் நீங்களே குனிந்து எடுத்தீர்களா, அதற்கு டிஸ்குவாலிஃபை. இது தெரியாமல் வெளியே போனவர்களையும் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

சரி, அந்தப் பையனிடம் கேட்டேன், மூன்றாவது போட்டிக்கே ரேஸ் ஹோல்ஸ்டர் எதற்கு என்று. "சாம்பியன்கள் எல்லாரும் இதுதானே சார் போடுறாங்க, டிரா வேகமா வரும்" என்றார்.

பிஸ்டலை ஹோல்ஸ்டரிலிருந்து உருவி எடுப்பதுதான் டிரா. இந்த 'டிரா வேகம்' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமே. ஐபிஎஸ்சியில் ஸ்கோர் என்பது ஹிட் ஃபேக்டர்: எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுப்பது. நீளமான ஸ்டேஜ் ஒன்றில் அதிகபட்சம் 32 ரவுண்டு, அதாவது 32 குண்டு. எல்லாமே 'ஏ', அதாவது இலக்கில் 5 புள்ளி தருகிற பகுதி, என்றால் 160 புள்ளி. அதை 20 நொடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர் 8. இப்போது அந்த விலை உயர்ந்த ஹோல்ஸ்டர் உங்களுக்கு நொடியில் பத்தில் இரண்டு பங்கு மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம், தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 160 வகுத்தல் 19.8, அதாவது 8.08. ஒரு சதவீதம். ஒரே ஒரு குண்டு மிஸ் ஆனால் என்ன ஆகும்? அந்த 5 புள்ளி போகும், மேலே 10 அபராதம், 145 வகுத்தல் 20, ஹிட் ஃபேக்டர் 7.25. மேகசின் ஒன்று பௌச்சிலிருந்து நழுவி, அடுத்ததைத் தேடி எடுக்க 2 நொடி கூடுதலாகப் போனால்? 160 வகுத்தல் 22, 7.27. நழுவிய ஒரு மேகசின், ஒரு மிஸ்ஸுக்குக் கிட்டத்தட்டச் சமம். டிரா ஒரு ஸ்டேஜில் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான். மீதி நேரம் முழுக்க ஓடுகிறீர்கள், நிற்கிறீர்கள், குறி பார்க்கிறீர்கள், மேகசின் மாற்றுகிறீர்கள். ஆனால் மேசைக்கு வருகிற புதியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஹோல்ஸ்டருக்குக் காசைக் கொட்டிவிட்டு, பௌச்சுக்கு மிச்சம் மீதியைத் தேடுகிறார்கள். பெல்ட்டா? கால்சட்டைக்குப் போடுகிற அதே பெல்ட்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாம்பியன் ரேஸ் ஹோல்ஸ்டர் போடுகிறார் என்றால், லோடு செய்து ஹோல்ஸ்டரில் வைத்த பிறகு அதன் பூட்டை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது அவர் கைக்கு லட்சம் முறை பழகியிருக்கிறது. அந்த ஹோல்ஸ்டர் பிஸ்டலை முழுதாக மூடிப் பிடிப்பதில்லை, ட்ரிகர் கார்டை ஒரு சின்னக் கட்டை பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். பூட்டு திறந்திருந்தால் பக்கவாட்டில் ஒரு இடி போதும். ஒரு வருடம் கழித்து வாங்குங்கள், நானே எந்தப் பிடிக்கட்டை உங்கள் பிஸ்டலுக்குப் பொருந்தும் என்று உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.

புதியவருக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: உங்கள் மாடலுக்கென்றே வார்த்த, கெட்டியான கைடெக்ஸ் (ஒரு வகைக் கடினப் பிளாஸ்டிக்) அல்லது பாலிமர் ஹோல்ஸ்டர். ட்ரிகர் கார்ட் முழுதாக மூடியிருக்க வேண்டும். ஹோல்ஸ்டரில் பிஸ்டல் இருக்கும்போது ட்ரிகரைத் தொட முடியக் கூடாது என்பது விதி, என் விருப்பம் அல்ல. 'கிட்டத்தட்ட இதே மாடல்தான், உள்ளே போகிறதே' என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். பிஸ்டலின் மேல் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டுகிற குறிக்கண்ணாடி) இருந்தால் ஹோல்ஸ்டரில் அதற்கு வெட்டு வேண்டும். கீழே விளக்கு மாட்டுவதற்காக வாய் அகலமாக வார்த்த ஹோல்ஸ்டரில் விளக்கில்லாத பிஸ்டலை வைத்தால் பக்கவாட்டு இடைவெளியில் விரலே நுழையும், நான் நுழைத்துக் காட்டியிருக்கிறேன். எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கிற துணி ஹோல்ஸ்டர் வேண்டவே வேண்டாம். பிஸ்டலை எடுத்ததும் வாய் அமுங்கிவிடும், திரும்ப வைக்க இடது கையால் வாயைத் திறந்து பிடிக்க வேண்டும், குழல் அந்தக் கையைத்தான் பார்க்கும். பழைய தோல் ஹோல்ஸ்டரும் அப்படித்தான், நைந்துபோன வாய் உள்ளே மடிந்து ட்ரிகர் கார்டுக்குள் போகும். சுட்டுவிரலால் பொத்தானை அழுத்தித் திறக்கிற வகையை என் மேசையில் பார்த்தால் முகம் சுளிப்பேன். அவசரத்தில் அழுத்திய விரல், பிஸ்டல் வெளியே வந்த பிறகும் அழுத்திக்கொண்டே வரும், வந்து நிற்கிற இடம் ட்ரிகர்.

சிங்கிள் ஆக்‌ஷன் பிஸ்டல், அதாவது ஹேமரை (குண்டை வெடிக்க வைக்கிற சுத்தி) ஏற்றிவைத்துச் சுடுகிற வகை, வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. சில ஹோல்ஸ்டர்களின் உள்சுவர் சேஃப்டி நெம்புகோலில், பிஸ்டல் சுடாமல் பூட்டிவைக்கிற அந்தச் சின்னக் கட்டையில், உரசும், நான்கு அடி நடந்தாலே சேஃப்டி மெதுவாகக் கீழே இறங்கிவிடும். ஹேமர் ஏறியிருக்க, சேஃப்டி இறங்கியிருக்க, ஹோல்ஸ்டரில் லோடு செய்த பிஸ்டல். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நீங்கள் சொல்வது உண்மைதான், ஆனாலும் டிஸ்குவாலிஃபை. வாங்குவதற்கு முன் காலி பிஸ்டலை வைத்து இடுப்பை ஆட்டி, குனிந்து நிமிர்ந்து, சேஃப்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கே மாட்டுவது என்பதற்கு விதிகள் தெளிவாக இருக்கின்றன, படிக்கத்தான் யாரும் இல்லை. தோளில் மாட்டுவது, தொடையில் கட்டுவது இரண்டும் கூடாது. பிஸ்டல் பிடியின் அடிப்பாகம் பெல்ட்டின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. இயல்பாக நிற்கும்போது குழல் காட்டுகிற இடம் உங்கள் பாதத்திலிருந்து 1 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ப்ரொடக்‌ஷன் டிவிஷனில் (பிஸ்டல் வகைப்படி பிரித்த போட்டிப் பிரிவுகளில் ஒன்று) ஹோல்ஸ்டரும் பௌச்சும் இடுப்பெலும்பின் முன்பகுதிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், உடம்பிலிருந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கக் கூடாது. ஒரு ஸ்டேஜில் இங்கே, அடுத்த ஸ்டேஜில் அங்கே என்று நகர்த்தவும் கூடாது. உங்கள் டிவிஷனை முடிவுசெய்துவிட்டு வாங்குங்கள். வாங்கிவிட்டு டிவிஷன் தேடுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

பெல்ட்: இரண்டு அடுக்கு. உள் பெல்ட் கால்சட்டை வளையங்களில், வெளி பெல்ட் அதன்மேல் வெல்க்ரோவில் ஒட்டும். வளைந்து தொய்கிற பெல்ட்டில் எந்த ஹோல்ஸ்டரும் பிஸ்டலோடு சேர்ந்து மேலே வரும். முடிந்தது.

பௌச்சுக்கு வருவோம், நான் பேச விரும்புவதே இதைத்தான். மேகசினை எடுக்கும்போது சுட்டுவிரல் அதன் முன்பக்கம் நீளமாகப் படிந்து, நுனி முதல் குண்டின் மூக்கைத் தொட வேண்டும். அந்த விரல்தான் மேகசினை பிஸ்டல் பிடியின் அடியில் இருக்கிற வாய்க்கு வழிகாட்டும், கண் அதற்குப் பிறகுதான். உங்கள் பௌச் அந்த விரலுக்கு இடம் விடுகிறதா? விளிம்பு உயரமாக இருந்தால் விரல் பாதியில் முட்டும், நீங்கள் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் நகத்தால் கிள்ளுவதுபோல் இழுப்பீர்கள், பாதி வழியில் நழுவும். பௌச்சைச் சற்றுச் சாய்த்து வைத்துப் பாருங்கள், மணிக்கட்டு முறுகாமல் கை போய் விழுகிற கோணம் ஆளுக்கு ஆள் வேறு. எல்லா பௌச்சும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை, முதுகுப்பக்கம் போகப் போக என்னுடையவை கூடுதலாகச் சாய்ந்திருக்கும்.

இறுக்கம்தான் எல்லாரும் தவறுவது. காலி மேகசினை வைத்து இறுக்கத்தைச் சரிசெய்கிறார்கள். 9 மில்லிமீட்டர் குண்டு ஒன்று சுமார் 12 கிராம், 15 குண்டு என்றால் 180 கிராம். அந்த எடையோடு நீங்கள் ஓடி, மண்டியிட்டு, படுத்து எழும்போது என்ன ஆகும்? நிறைத்த மேகசினோடு சரிசெய்யுங்கள். ஆனால் காலி பிஸ்டலைக் கையாள ஒதுக்கிய சேஃப்டி ஏரியாவில் அல்ல, அங்கே குண்டைக் கையால் தொட்டாலே, அது டம்மியாக இருந்தாலும், ஆட்டம் முடிந்தது. பிஸ்டலைத் தொடாமல், வேறு இடத்தில், பெல்ட்டை மட்டும் கட்டிக்கொண்டு பாருங்கள்.

காந்த பௌச் கேட்கிறவர்கள் பலர். இரும்பு உடல் மேகசினுக்கு நல்லது, பாலிமர் உடலுக்குப் பிடி பலவீனம், வாங்கிவிட்டு வருத்தப்படாதீர்கள். எத்தனை பௌச் வேண்டும்? 15 ரவுண்டு மேகசினில் 32 ரவுண்டு ஸ்டேஜை முடிக்கக் குறைந்தது மூன்று மேகசின், மிஸ், சிக்கல் எல்லாம் கணக்கில் எடுத்தால் பெல்ட்டில் நான்கு இருக்கட்டும். எப்போதும் வயிற்றுக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் எடுங்கள், அவசரத்தில் கை காலி பௌச்சைத் தேடிப் போகாது.

திருகுகள். இந்த ஒன்றுக்காகவே தனியாக எழுதலாம். ஓட்டத்திலும் அதிர்விலும் திருகு தளரும், எல்லாருக்கும் தளரும். நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு போதும், ஆனால் பிளாஸ்டிக் மேல் வழியவிடாதீர்கள், சில வகைப் பிளாஸ்டிக் அதனால் விரிசல் விடும். இறுக்கிய பிறகு திருகின் தலையிலிருந்து ஹோல்ஸ்டர் வரை நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது, எட்ட நின்றே தெரியும். அந்த நகப்பூச்சு என் மனைவியுடையது, சிவப்பு, என் பெல்ட்டைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை. ஆனால் என் பிஸ்டல் இன்னும் விழவில்லை.

அப்புறம், ஸ்டேஜ் முடிந்து 'இஃப் கிளியர், ஹேமர் டவுன், ஹோல்ஸ்டர்' (காலி என்றால் ஹேமரை இறக்கி ஹோல்ஸ்டரில் வை) என்று நான் சொல்லும்போது என்ன அவசரம்? அங்கே டைமர் இல்லை. ஹோல்ஸ்டர் வாயைக் குனிந்து பாருங்கள், சட்டை ஓரமோ ஜாக்கெட் கயிறோ உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், விரல் வெளியே, மெதுவாக வையுங்கள். ஏதாவது தடுத்தால் அழுத்தாதீர்கள், திரும்ப எடுங்கள்.

அடுத்த போட்டியில் என் மேசைக்கு வரும்போது காலி பிஸ்டல் ஹோல்ஸ்டரில், நிறைத்த மேகசின்கள் பௌச்சில், ரேஸ் ஹோல்ஸ்டர் என்றால் பூட்டு மூடியபடி இருக்கட்டும். நான் பத்து முறை குதிக்கச் சொல்வேன், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்வேன், பக்கவாட்டில் படுக்கவும் சொல்வேன். வெட்கப்பட வேண்டாம், அந்தப் பையனும் அதே வரிசையில் நிற்பார், இந்த முறை சாதாரணக் கைடெக்ஸோடு. திருகை இறுக்குகிற ஆலன் சாவியை மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள். என்னுடையதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் யாரும் திருப்பித் தருவதில்லை.