காற்று தூக்கும் பிஸ்டன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. தண்டையார்பேட்டையில் பாயின் பட்டறை ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் சத்தம் இன்னும் முழுதாகக் கிளம்பவில்லை. நாங்கள் செய்யப்போகும் வேலைக்கு அந்த அமைதி வேண்டும். உள்ளே என் 1957 எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் பானெட் திறந்தபடி, ஆக்ஸிலரேட்டர் மிதிக்காத ஸ்லோ ஸ்பீடில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாய் ஒரு முழ நீள ரப்பர் டியூபை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை, காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் இரண்டு கார்புரேட்டர்களில் முன்னால் உள்ளதன் வாயருகே பிடிக்கிறார். பிறகு பின் கார்புரேட்டர். மறுபடியும் முன்.

"தம்பி, ரெண்டும் ஒரே மூச்சு இழுக்கல. பின்னாடி ஜாஸ்தி. நீயே கேளு."

டியூபை வாங்கிக் கேட்டேன். முன்னால் மெல்லிய 'உஸ்'. பின்னால் அதே 'உஸ்' கொஞ்சம் கனமாக. காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் திருகைப் பாய் ஒரு முடி அளவு திருப்பினார். இரண்டு சத்தமும் ஒன்றாகிவிட்டன. அதுவரை லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்த இன்ஜினும் அடங்கியது.

கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. காதை வைத்தே சரிசெய்ய முடிகிறது. அதற்குக் காரணம் எஸ்.யு. என்ற அந்தக் கார்புரேட்டரின் அமைப்பு. நான் பார்த்த இயந்திரங்களிலேயே இவ்வளவு குறைந்த பாகங்களில் இவ்வளவு புத்திசாலித்தனம் உள்ள இன்னொன்று கிடையாது.

இந்தக் கார் இங்கிலாந்தின் அபிங்டனில் செய்யப்பட்டது. ஆனாலும் இதன் இன்ஜின் வடசென்னைக்கு அந்நியமில்லை. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. பிறகுதான் அது அசோக் லேலண்ட் ஆனது. அந்த ஏ40இன் 1200 சிசி இன்ஜினிலிருந்து வளர்ந்து வந்ததுதான் பிரிட்டனின் பி.எம்.சி. கார் நிறுவனத்தின் பி-சீரிஸ் இன்ஜின். அதன் 1489 சிசி வடிவம் எம்.ஜி.ஏ.வில் இருந்தது, நம் ஊரில் டாக்ஸியாக ஓடிய அம்பாசிடரிலும் இருந்தது. பாய் கை பழகியது அம்பாசிடரில்தான். முதல்முறை என் காரின் பானெட்டைத் திறந்ததும், "இது நம்ம வண்டிதானே" என்றார்.

ஒரே அளவு சிலிண்டர், ஒரே ஸ்ட்ரோக். ஆனால் அம்பாசிடரில் ஐம்பது சொச்சம் குதிரைத்திறன் தந்த இன்ஜின், எம்.ஜி.ஏ.வில் நிமிடத்துக்கு 5,500 சுற்றில் 72 தருகிறது. கேம்ஷாஃப்ட், கம்ப்ரஷன், வால்வு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. சாரம் ஒன்றுதான்: இந்த இன்ஜின் அதிகமாக மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சுக்கு வாசல் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். முழு இழுவை வேண்டுமென்றால் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக, 12.5 அல்லது 13க்கு ஒன்று என்ற அளவில் கொடுக்க வேண்டும். இந்த விகிதத்தை எல்லா வேகத்திலும் காப்பாற்றுவதுதான் கஷ்டம். இந்த இன்ஜின் 5,500 சுற்றில் முழுத் திராட்டிலில் நிமிடத்துக்கு 3,000 லிட்டருக்கும் மேல் காற்று இழுக்கும். ஸ்லோ ஸ்பீடில் அதில் ஒரு சிறு பங்குதான். சாதாரணக் கார்புரேட்டரில் காற்று போகும் குறுகலான வாய் மாறாத அளவு கொண்டது. அதனால் ஸ்லோ ஸ்பீடுக்கு ஒரு ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை), ஓட்டத்துக்கு ஒரு ஜெட், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு பம்பு என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

1905இல் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயர் இதை வேறு விதமாக யோசித்தார். காற்று கூடும்போது வாயே அகலட்டும், குறையும்போது சுருங்கட்டும் என்றார். அவர் குடும்பம் செருப்பு வியாபாரக் குடும்பம். கையில் தோல் இருந்தது. முதல் கார்புரேட்டரில் தோல் துருத்தியைத்தான் வைத்தார். கொல்லன் பட்டறைத் துருத்தியை நாம் அமுக்கினால் காற்று வெளியே வரும். இங்கே காற்றின் அழுத்தம் துருத்தியை அசைத்தது. பிறகு தோலின் இடத்துக்கு உலோகப் பிஸ்டன் வந்தது. எஸ்.யு. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன்.

கார்புரேட்டரின் தலையில் கவிழ்த்த சொம்பு மாதிரி ஒரு மூடி இருக்கிறது. அதற்குள் ஒரு பிஸ்டன், தன் எடையாலும் ஒரு மெல்லிய ஸ்பிரிங்காலும் கீழே உட்கார்ந்திருக்கிறது. அதன் அடிப்பகுதி காற்று போகும் வழியை ஏறக்குறைய அடைத்துக்கொண்டிருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் காற்றை இழுக்கிறது. பிஸ்டனுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. பிஸ்டனில் இருக்கும் ஒரு சிறு துளை வழியே அந்தக் குறைந்த அழுத்தம் சொம்பின் உச்சிக்கும் போய்ச் சேருகிறது. பிஸ்டனின் அகலமான தட்டுக்குக் கீழே வெளிக்காற்றின் முழு அழுத்தம், மேலே குறைந்த அழுத்தம். சரி, அப்புறம் என்ன, பிஸ்டன் மேலே எழும்புகிறது. எழும்பினால் வழி அகலமாகிறது. அகலமானால் இழுவை தணிகிறது. இழுவையும் பிஸ்டனின் கனமும் சமமாகும் உயரத்தில் பிஸ்டன் நின்றுவிடும்.

தராசில் ஒரு தட்டில் படிக்கல், மறுதட்டில் சரக்கு வைப்பது போலத்தான். படிக்கல் இங்கே பிஸ்டன். அதன் எடை மாறாததால் ஜெட்டின் மேல் காற்றழுத்தம் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைகிறது. காற்றின் வேகமும் அப்படியே. மாறுவது வாயின் அகலம் மட்டும். ஆகவே பிஸ்டன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே எவ்வளவு காற்று போகிறது என்று சொல்லிவிடலாம்.

பெட்ரோலை அளப்பது ஒரு ஊசி. பிஸ்டனின் அடியில் தொங்கும் அந்தப் பித்தளை ஊசி, 0.090 அங்குலத் துளை கொண்ட ஜெட்டுக்குள் இறங்கியிருக்கும். ஊசி நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். பிஸ்டன் ஏற ஏற ஊசியும் ஏறும். துளைக்கும் ஊசிக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளி கூடும். பெட்ரோல் கூடுதலாக வரும். ஒவ்வொரு எட்டில் ஒரு அங்குலத்துக்கும் ஊசியின் கனம் எவ்வளவு என்று பட்டியல் போட்டு, ஊசிகளுக்கு எழுத்துகளால் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊசியை வெளியே எடுத்து விரல் நுனியால் தடவிப் பாருங்கள், மெலிவது அவ்வளவு மெல்ல நடக்கும். ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான் வித்தியாசம். அதற்குள் இந்தக் காரின் குணம் முழுவதும் எழுதியிருக்கிறது.

ட்யூனிங் என்பது இந்தத் தராசு பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது. ஜெட்டின் அடியில் அறுகோண நட்டு ஒன்று உண்டு. கீழே திருப்பினால் ஜெட் இறங்கும், ஊசியின் மெல்லிய பகுதி துளைக்கு நேரே வரும், பெட்ரோல் கூடும். மேலே திருப்பினால் குறையும். ஒரு முகம் என்பது ஆறில் ஒரு சுற்று. சரியா என்று பார்க்க, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். இன்ஜின் வேகம் எடுத்து அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். நின்றுபோகப் பார்த்தால் குறைவு. லேசாக ஒரு நொடி ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. இதற்கும் முன்னால் பாய் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, பிஸ்டனை விரலால் முழுக்கத் தூக்கி விடுவார். 'டக்' என்று சுத்தமாக விழ வேண்டும். தயங்கி விழுந்தால் எங்கோ அழுக்கு உரசுகிறது. அந்த 'டக்' கேட்காத கார்புரேட்டரில் அவர் நட்டைத் தொடவே மாட்டார்.

சோழவரத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. சாலையில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்கள் நடத்தியது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று கேட்ட சத்தம்தான் என்னை இந்தக் காருக்குக் கூட்டிவந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் வந்தபிறகு ஓட்டமெல்லாம் அங்கே போய்விட்டது. இப்போது டிராக் கிடைக்கிற நாட்களில் நானும் அங்கேதான் போகிறேன்.

அங்கேதான் ஒரு பாடம் படித்தேன். வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கார் ஒரு கணம் மூச்சு முட்டி நின்று, பிறகுதான் இழுத்தது. ஒவ்வொரு வளைவிலும் இதே கதை. தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து விடும் பாயின்ட்டைப் பார்த்தேன், பிளக்கை மாற்றினேன், ஒன்றும் பலிக்கவில்லை. மறுநாள் பாயிடம் சொன்னதும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "சொம்புல ஆயில் பார்த்தியா?"

சொம்பின் உச்சியில் ஒரு மூடி. அதைக் கழற்றினால் ஒரு கம்பியின் நுனியில் சின்ன வால்வு. அது பிஸ்டனின் நடுக்குழாயில் இருக்கும் ஆயிலில் மூழ்கியிருக்க வேண்டும். திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி எழுந்தால், காற்று ஒரேயடியாகப் பாயும். கனமான பெட்ரோல் அதே வேகத்தில் பின்னால் வராது. கலவை மெலிந்துபோகும். அந்த ஆயில் பிஸ்டனை மேலே போகும்போது மட்டும் பிடித்து நிறுத்துகிறது. அந்த ஒரு கணம் வாய் குறுகலாகவே இருப்பதால், ஜெட்டின் மேல் காற்று சீறிப் பாய்ந்து கூடுதல் பெட்ரோலை இழுத்துவிடும். மற்ற கார்புரேட்டர்களில் பம்பு செய்கிற வேலையை இங்கே சில சொட்டு ஆயில் செய்கிறது. என் காரில் இரண்டு குழாயும் வறண்டு கிடந்தன. ஊற்றினோம், தீர்ந்தது.

இரண்டு கார்புரேட்டர் எதற்கு? பி-சீரிஸ் இன்ஜினில் நான்கு சிலிண்டருக்குக் காற்று வரும் வழி இரண்டுதான். 1, 2 இரண்டுக்கும் ஒன்று, 3, 4 இரண்டுக்கும் ஒன்று. வழிக்கு ஒன்றாகக் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. எரியும் வரிசை 1-3-4-2. இதைக் காற்று வழிகளோடு வைத்துப் பார்த்தால், ஒரு வழியில் 2 இழுத்தவுடனே 1 இழுக்கும், பிறகு நீண்ட ஓய்வு. மறுவழியில் 3 இழுத்தவுடனே 4. முதலில் இழுப்பவர் சும்மா நிற்கும் காற்றைக் கிளப்ப வேண்டும். அடுத்தவருக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காற்று கிடைக்கும். அதனால் உள்பக்கச் சிலிண்டருக்கும் வெளிப்பக்கச் சிலிண்டருக்கும் கலவை முழுக்க ஒன்றாக இருக்காது. எவ்வளவு நுணுக்கமாக ட்யூன் செய்தாலும் இந்த வித்தியாசம் போகாது. இது இன்ஜினின் பிறவிக்குணம்.

இப்போது நம் ஊர்க் காற்றுக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 15 டிகிரி குளிரில் இங்கிலாந்தில் சரிசெய்த ஊசி, சென்னையின் 38 டிகிரியில் வேலை செய்ய வேண்டும். காற்றின் அடர்த்தி சுமார் 7 சதவீதம் குறைந்துவிடுகிறது. பிஸ்டன் அழுத்தத்தைத்தான் உணரும், எடையை நேராக உணராது. அதே உயரத்தில் மெலிந்த காற்று கொஞ்சம் வேகமாகப் போவதால் பாதி இழப்பை ஈடுகட்டிவிடும். மீதிப் பாதி, அதாவது 3 முதல் 4 சதவீதம், பெட்ரோல் அதிகமான கலவையாக வெளிப்படும். கடற்கரை ஓரம் என்பதால் புழுக்கம் வேறு. புழுக்கமான நாளில் நாம் சுவாசிக்கும் காற்றில் 3, 4 சதவீதம் வெறும் நீராவி. அதில் எரிக்கப் பயன்படும் ஆக்ஸிஜன் கிடையாது. அந்த அளவுக்குக் கலவை இன்னும் கொஞ்சம் கனக்கும்.

எதிர்ப்பக்கம் இழுப்பது எத்தனால். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஒரு கிலோ எத்தனால் எரிய 9 கிலோ காற்று போதும். கலந்து கணக்குப் போட்டால் 14.7 என்பது 13.5 அளவுக்கு இறங்குகிறது. பழைய ஊசி பழைய அளவிலேயே பெட்ரோல் விடுவதால், கலவை சுமார் 8 சதவீதம் மெலிந்துவிடும். கலவை மெலிந்து பெட்ரோல் பற்றாமல் போவதுதான் ஆபத்து. சிலிண்டர் சூடு ஏறும், முழு வேகத்தில் வால்வு கருகும். மே மாத மதியத்தில் வெயிலும் புழுக்கமும் ஒரு பக்கம் இழுக்க, எத்தனால் மறுபக்கம் இழுக்க, இரண்டும் பெரும்பாலும் சமன் ஆகிவிடுகின்றன. மார்கழி விடியலில் அந்தச் சமன் கெட்டுவிடும். அதனால் மழைக்காலம் முடிந்ததும் இரண்டு நட்டையும் ஒரு முகம் கீழே இறக்கிவிடுகிறேன்.

எத்தனாலால் வேறு தொல்லைகளும் உண்டு. என் காரில் உள்ள எச்4 வகைக் கார்புரேட்டரில் ஜெட்டைச் சுற்றி தக்கை வளையங்கள்தான் கசிவைத் தடுக்கின்றன. கார் சும்மா நின்றால் அவை காய்ந்து சுருங்கிக் கசியத் தொடங்கும். புது வளையங்களை ஒரு ராத்திரி ஆயிலில் ஊறவைத்துத்தான் பாய் மாட்டுவார். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டோம். அப்புறம், இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் சைலன்சர் குழாயும் ஒரே பக்கம். மூலக்கடை சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் கீழிருந்து ஏறும் சூட்டில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். நடுவே ஒரு தகடும் அதன்மேல் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சூடு தடுப்பு விரிப்பும் வைத்தபிறகு பிரச்சினை பாதியாகக் குறைந்தது.

இக்னிஷனைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. சிலிண்டருக்குள் தீ பரவ ஓரிரு மில்லிசெகண்ட் ஆகும். 2 மில்லிசெகண்டில் இன்ஜின் 800 சுற்றில் 10 டிகிரிகூடத் திரும்பாது. 3,000 சுற்றில் 36 டிகிரி திரும்பிவிடும். எனவே வேகம் கூடக்கூடப் பொறியை முன்கூட்டியே விட வேண்டும். பழைய மெக்கானிக்குகள் டெல்கோ என்று சொல்லும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சிறிய எடைகள் சுழற்சியில் விரிந்து அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றின் ஸ்பிரிங் தளர்ந்துபோன காரில் கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் வீண்.

அன்று காலை ஏழு மணிக்குள் வேலை முடிந்தது. ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் வரை ஓட்டி, கடைசி ஒரு கிலோமீட்டர் நன்றாக இழுத்து, ஓரமாக வந்ததும் சட்டென்று இன்ஜினை நிறுத்தி நான்கு பிளக்கையும் கழற்றினோம். பாய் அவற்றை ஒரு துணியில் வரிசையாக வைத்தார். 2, 3 இரண்டும் டீ பிஸ்கட் நிறம். 4 சற்று வெளுப்பு, அதாவது கலவை கொஞ்சம் மெலிவு. வெளிப்பக்கச் சிலிண்டர் என்பதால் அது எதிர்பார்த்ததுதான். 1 மட்டும் அதைவிட வெளுத்திருந்தது. பாய் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்னாடி கார்ப்ரேட்டரு, அரை முகம் கீழ விடு."

விட்டேன். பிளக்குகளை மாட்டிக்கொண்டு மறுபடி சோழவரம் பக்கம் கிளம்பினோம்.